கெலா என்ற பேர் வந்த விதம்

ஜார்ஜியா தேசத்தில் குத்தாயிசி என்றொரு ஊர் இருக்கிறது. அந்த ஊரில் ரியோனி ஆறு வெள்ளைக் கற்களை உருட்டிக்கொண்டு ஓடும் கரைக்கு மேலே ஓர் ஏற்றத் தெரு இருக்கிறது. அந்தத் தெருவில், டாக்டருக்குப் படிக்க வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற மெஸ் ஒன்றைப் பால்பாண்டி மாஸ்டரும் அவர் மனைவி முத்திருளாயியும் நடத்திவந்தார்கள். அந்த மெஸ்ஸுக்கு, பனி தூவிக்கொண்டிருந்த ஒரு மார்கழி மத்தியானத்தில், சாப்பாட்டு மேசையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், செத்துப்போன அவர்களுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார்கள். ஏன் வந்தீர்கள் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வாசலில் வந்து நிற்கிற பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வியா அது.

வந்ததற்குக் காரணம் ஒரு பேர். முத்திருளாயியின் மாமனார் பேர் பூவலிங்கம். கமுதிக்குத் தெற்கே, கண்மாய் நிறைவதே அதிசயமாக இருக்கிற அவர்கள் ஊரில், மருமகள் மாமனார் பேரைச் சொல்லமாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்லிவிட்டு இவள் தலையை ஆட்டுவாள். அந்தப் பேரின் முதல் எழுத்துகூட வாய்தவறி வந்துவிடக் கூடாதென்று பூவை மல்லி என்பாள், பூட்டைக் கதவில் தொங்குவது என்பாள், பூசணிக்காயைப் பரங்கி என்பாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. கல் கிடக்கிற வண்டிப்பாதையில் மாடு தானாகவே விலகிப் போவதுபோல நாக்கு அந்த எழுத்தை விலகிப் போகப் பழகியிருந்தது.

மாமனார், பேரன் முகம் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார். அதனால் தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்ததும் மாமியார், பேர் வைக்கும்போது மட்டும் புருஷன் பேரைச் சொன்னால் குற்றமில்லை என்று, அவன் காதில் அந்தப் பேரை ஊதினாள். பல் முளைக்கும் முன்பே அவனைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அடுத்ததும் ஆண். மூத்தவன் கொண்டுபோன பேரை இவன் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறான் என்று சொல்லி மாமியார் அதே பேரை அவன் காதிலும் ஊதினாள். தவழத் தொடங்கும் முன்பே அவனும் போனான். இரண்டு பேரையும் கண்மாய்க் கரையில், கருவேல மரங்களுக்கு இந்தப் பக்கம், அடுத்தடுத்துப் புதைத்தார்கள்.

"இனி ஒண்ணு பெறந்தா குப்பைன்னு பேர் விடுங்கப்பா. இல்லாட்டி தவிட்டுக்கு வித்து வாங்குங்க. வார சனியன் இது நமக்கு ஆகாத பண்டம்னு போயிரும்" என்று தெருவில் சொன்னார்கள்.

"எங்கப்பன் பேரு என்ன ராசியில்லாத பேரா?" என்று பால்பாண்டி சண்டைக்குப் போனார். பிறகு அந்தத் தெருவில் முகம் காட்டப் பிடிக்காமல், சமையலுக்கு ஆள் வேண்டும் என்று யாரோ சொன்ன பேச்சைப் பிடித்துக்கொண்டு, மனைவியோடு இந்தத் தேசத்துக்கு வந்தார். வந்த இடத்தில் மூன்றாவது பிள்ளை பிறந்தான். அவன் காதில் கைபேசியை வைத்தார்கள். கடல்களுக்கு அப்பாலிருந்து மாமியார் பூவலிங்கம், பூவலிங்கம் என்றாள். மூன்றாவது தடவை சொல்கையில் பாதியில் இணைப்பு அறுந்துபோய், மறுபடியும் போட்டு மீதியைச் சொல்லி முடித்தாள்.

இதில் ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. பெற்றவள் ஒரு தடவைகூடத் தன் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செத்த இரண்டும் அம்மா வாயால் தங்கள் பேரைக் கேட்காமலே போயின. அவளுக்கு எல்லாப் பிள்ளையும் சாமி, ராசா, அய்யா. மெஸ்ஸில் சாப்பிடுகிற பையன்களையும் அவள் அப்படித்தான் கூப்பிட்டாள், கேஸ் கொண்டுவருகிறவனையும், தெரு நாய்களையும்.

அந்த மத்தியானம் அவள் கையில் ரச வாளி இருந்தது. சின்னவன் திறந்து கிடந்த கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடிவிட்டான். மேட்டிலிருந்து மினி பஸ் ஒன்று பனியில் சறுக்கிக்கொண்டு இறங்கியது. "சாமீ!" என்று கத்தினாள். "ராசா! ஏ அய்யா!" அவன் திரும்பவில்லை, அவள் யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு ஓடினான். அப்போதுதான் அவள் தொண்டையிலிருந்து, இத்தனை வருஷம் சுற்றிச் சுற்றிப் போன நாக்கை மீறிக்கொண்டு, அது வந்தது.

"பூவலிங்கம்!"

சின்னவன் நின்றான். பஸ் அவன் மூக்குக்கு முன்னால் காற்றை இழுத்துக்கொண்டு போயிற்று. அது போனபின் தெருவின் மேல்முனையில், ரொட்டிக் கடையைத் தாண்டி, "என்னம்மா" என்று இரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்டன. இரண்டு பையன்கள் கைகோத்துக்கொண்டு பனியில் இறங்கி வந்தார்கள். செத்த வயதில் வரவில்லை, இருந்திருந்தால் எந்த வயதோ அந்த வயதில் வந்தார்கள். காலில் செருப்பில்லை. கரிசல் மண் கணுக்கால் வரை அப்பியிருந்தது.

"கூப்ட்டியே," என்றான் பெரியவன்.

அவள் ரச வாளியைத் தரையில் வைத்துவிட்டு, மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய், மேலும் இரண்டு தட்டு எடுத்துப் போட்டாள்.

அன்றைக்கு மேசையிலிருந்த மாணவர்களில் நாகர்கோவில் பையன் ஜெபசிங் தன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டான், அவ்வளவுதான். இரண்டு நாளில் அவர்கள் மெஸ்ஸின் வழக்கமாகிவிட்டார்கள். மூன்று பேருக்கும் ஒரே பேர் என்பதால் பெரிய பூவா, நடுப் பூவா, சின்னப் பூவா என்று மாணவர்கள் பிரித்துக்கொண்டார்கள். முற்றத்தில் பனியை ஒதுக்கிவிட்டுக் கிரிக்கெட் ஆடியபோது பெரிய பூவாவை விக்கெட் கீப்பராக நிறுத்தினார்கள். அவன் பக்கம் போன பந்து சத்தமில்லாமல் அவன் கைக்குள் போய் உட்கார்ந்தது. "அக்கா, நடு பூவாவுக்கு அப்பளம் வைக்கேல பாருங்க. நாளைக்கு வேற எங்கயாவது போய்ச் செத்திரப் போறான்" என்று ஜெபசிங் சொன்னான்; சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டான்; நடுப் பூவாதான் முதலில் சிரித்தான்.

தெருக்காரர்கள் இன்னும் சுலபமாக எடுத்துக்கொண்டார்கள். விருந்து என்று உட்கார்ந்தால் ரொட்டியில் இரண்டு சொட்டு ஒயினை விட்டுச் செத்தவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டுக் குடிக்கிற ஊர் அது. செத்தவர்கள் மேசைக்கு வருவதில் அவர்களுக்கு ஆச்சரியமில்லை, வெறுங்காலோடு வந்ததுதான் மனசு கேட்கவில்லை. ரொட்டிக் கடையில் வேலை செய்யும் தமுனா, முத்திருளாயியின் வயதுக்காரி, மாடி வீட்டில் குடியிருப்பவள், அவர்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "காலுறை எங்கே?" என்பதுதான். தெருவில் ஆளுக்கொரு ஜோடி கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு பனியில் நடந்தார்கள். காலுறை நனையவில்லை, தேயவும் இல்லை.

பால்பாண்டி அந்த நாட்களில் தரையில் கால் பாவாமல் திரிந்தார். ஊருக்குப் போன் போட்டு, "அம்மா, மூணு பேரும் இருக்காய்ங்க!" என்று கத்தினார்.

மறுமுனையில் மாமியாருக்கு அதிர்ச்சி ஒன்றுமில்லை. "அவுக பேரு. கூப்ட்டா வரத்தான செய்வாக," என்றாள். பிறகு, "ஆமா, யார் கூப்ட்டது?" என்று கேட்டாள். பால்பாண்டி மனைவியைப் பார்த்தார். அவள் வெங்காயத்தை இன்னும் சின்னதாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்போது வேறொரு வேலை இருந்தது. பால் மட்டும் குடித்துப் போன பிள்ளைகளுக்குச் சோறு தின்னத் தெரியவில்லை. உருண்டையை வாயில் வைத்தால் என்ன செய்வதென்று விழித்தார்கள். மென்னுய்யா, மென்னு, என்று தன் வாயை அசைத்துக் காட்டினாள். உப்பை நாக்கில் வைத்தபோது பெரியவன் கண்களை மூடிக்கொண்டான்.

"இது என்னம்மா?"

"உப்புய்யா."

"இன்னும் கொஞ்சம்."

அவர்கள் தலையைத் துவட்டினாள், நகம் வெட்டினாள், பிடரியில் முகம் புதைத்து மோந்து பார்த்தாள். மழை விழுந்த கரிசலின் வாசனை வந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிடக் கூப்பிட வாய்க்குள் இனித்தது. மூன்று திசையிலிருந்தும் "என்னம்மா" வந்தது. பொழுது சாயும்போது இரண்டு பேரும் முற்றத்துத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வார்கள். உள்ளே வா என்றால், "மேல கூரை இருந்தா மூச்சு முட்டுதும்மா" என்பான் பெரியவன். அது ஒன்றுதான் அவளுக்கு உறுத்தியது. அப்புறம் ஒரு காலையில் மூன்று பேரும் முற்றத்தில் வரிசையாக நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். குளிரில் சின்னவன் வாயிலிருந்து புகை வந்தது. மற்ற இரண்டு வாயிலிருந்தும் சொற்கள் மட்டும் வந்தன.

சின்னவன் மெலிந்துகொண்டிருந்ததை முதலில் சொன்னது தமிழினி. அரியலூர்ப் பக்கத்துப் பெண், கடைசி வருஷம் படிக்கிறவள், தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டாள். அவனை மடியில் வைத்து மேல்கையை விரலால் சுற்றிப் பார்த்தாள். அவளுடைய ஒரு பிடிக்குள் அது அடங்கிவிட்டது.

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க அக்கா?"

"ரத்தமெல்லாம் நல்லா இருக்காம் தாயி. நல்லாச் சாப்பிடச் சொன்னாக."

"சாப்பிடுறான். நானும் தெனம் பாக்குறேன். என்னைவிட அதிகமாச் சாப்பிடுறான். ஆனா அவனுக்குச் சேரல அக்கா. எங்க போகுதுன்னு எனக்குத் தெரியல. புஸ்தகத்துல தேடிட்டேன், இல்ல."

எங்கே போகிறது என்று அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. சின்னவனுக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டு பேரும் தட்டைத் தொடாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நாலு வாய் ஊட்டியதும் பெரியவன் வயிற்றைத் தடவிக்கொண்டு, "போதும்மா, எனக்கு ரொம்பிருச்சு" என்றான். "எனக்கும்" என்றான் நடுவுள்ளவன். சின்னவன் மட்டும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னும் பசியோடு அவளைப் பார்த்தான்.

அவர்கள் கெட்ட எண்ணத்தோடு எடுக்கவில்லை. எடுக்கிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. ஒரு பேருக்கு ஓர் உயிர்தான் வந்திருந்தது. அந்தப் பேருக்கு மூன்று பேர் 'என்னம்மா' என்றார்கள். அதனால் அது மூன்றாகப் பிரிந்தது. தை பிறக்கும்போது சின்னவன் நடக்கையில் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிறகு படுத்தே கிடந்தான். மற்ற இரண்டு பேருடைய கன்னங்களில் நிறம் ஏறியது. ஒரு நாள் காலை பெரியவன் வாய்க்கு முன்னால் மெல்லிய புகைபோல ஒன்று தெரிந்தபோது, வேறெந்தத் தாயும் அதைப் பார்த்து ஆடிப்பாடியிருப்பாள். முத்திருளாயி அடுப்படிக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

பேரைச் சொல்லாமல் இருந்து பார்த்தாள். பயனில்லை, அது காதில் ஊதப்பட்ட பேர், சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இருந்தது. மூத்தவர்கள் இரண்டு பேருக்கும் வேறு பேர் வைத்துப் பார்த்தாள். அவர்கள் திரும்பவே இல்லை. பிடிவாதமாக அல்ல, எண்ணெய் தேய்த்த உடம்பில் தண்ணீர் நிற்காததுபோல அந்தப் பேர்கள் அவர்கள்மேல் நிற்கவில்லை. புதுப் பேரைச் சுமக்க உயிரோடு இருக்கிறவனால்தான் முடியும் என்று அவளுக்குப் புரிந்தது. மாற்றினால் சின்னவன் பேரைத்தான் மாற்ற வேண்டும்.

தமுனா மத்தியான வேலை முடிந்து, மாவு படிந்த கையோடு படிக்கட்டில் வந்து உட்கார்ந்தபோது அவளிடம்தான் சொன்னாள். தமுனாவுக்கு மெஸ் தமிழ் தெரியும், முத்திருளாயிக்குச் சந்தை ஜார்ஜிய மொழி தெரியும். இரண்டையும் கலந்துதான் அவர்கள் இத்தனை நாளும் தெருவையே பேசித் தீர்த்திருந்தார்கள். சொல்லி முடித்ததும் தமுனா கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள். பிறகு மாடியை நோக்கி, "கெலா!" என்று தெருவே கேட்கும்படி தன் புருஷனைக் கூப்பிட்டாள். புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற அந்தக் குரல் இன்றும் முத்திருளாயிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கெலா வந்து நின்றான். லாரியில் ஆரஞ்சுப்பழம் ஏற்றிப்போகிறவன், வாசல் நிலையை மறைக்கிற உடம்பு.

"இவன் பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? ஓநாய்," என்றாள் தமுனா. "பார் இந்த ஓநாயை. ஒரு கோழியைப் பிடிக்கத் தெரியாது."

"கோழி கொத்துகிறது," என்றான் கெலா.

அவனுக்கு முன்னால் பிறந்த ஆண்பிள்ளைகள் தங்கவில்லை என்று தமுனா சொன்னாள். மேலே மலையில், சுவனேத்திப் பக்கம், ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஒருத்திக்கு இப்படித்தான் பிள்ளைகள் போய்க்கொண்டே இருந்தன, ஏதோ ஒன்று வாசலுக்கு வந்து பிள்ளையின் பேரைச் சொல்லி, இருக்கிறானா என்று கேட்கும், இருக்கிறான் என்றால் கொண்டுபோய்விடும், கடைசிப் பிள்ளைக்கு அது வந்து கேட்டபோது, அப்படி யாரும் இங்கே இல்லை, ஓநாய் ஒன்றுதான் படுத்திருக்கிறது என்று அவள் சொன்னாள், வந்தது வாசல்படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டது, அன்றிலிருந்து அந்தப் பிள்ளையை அவள் ஓநாய் என்றே கூப்பிட்டாள், அதுதான் கெலா. கெலாவோ, தன் தாத்தாவுக்கு ஓநாய் பிடிக்கும், அவ்வளவுதான் விஷயம் என்றான். கேட்டுக்கொண்டு நின்ற எதிர்வீட்டுக்காரி, இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது, ஓநாய்ப்பால் குடித்து வளர்ந்த ஒருவனால் வந்த பேர் அது என்றாள். எப்படி வந்தால் என்ன, அந்தத் தெருவிலேயே நாலைந்து கெலாக்கள் தலை நரைத்து நடமாடினார்கள்.

"எங்க ஊர்ல குப்பைன்னு வைப்போம்," என்றாள் முத்திருளாயி. "வாரது பாத்து அருவருத்துப் போயிரணும்."

"அப்படியென்றால் அதையே வை."

முத்திருளாயி பந்தலைப் பார்த்தாள். பெரியவன் தம்பிக்குக் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். "சாவுன்னா அருவருத்துப் போகும். இதுக அண்ணங்காரங்க. குப்பைன்னு வச்சா குப்பையில வந்து கூட வெளையாடுவாங்க."

தமுனா தலையாட்டினாள். "பயந்தால்தான் போவார்கள்."

"எம்புள்ளைக, தமுனா."

"தெரியும்," என்றாள் தமுனா.

பால்பாண்டியிடம் சொன்னபோது அவர் கரண்டியை வீசினார். "எங்கப்பன் பேரை எடுத்துட்டு நாய் பேரு வைக்கப் போறியா?"

"நாயில்ல. ஓநாய்."

"ரெண்டு தடவ மண்ணுக்குள்ள வச்சுட்டு வந்தேன். என் கையால. திரும்ப அனுப்பச் சொல்றியா?"

அவள் சின்னவனைத் தூக்கிவந்து அவர் கையில் கொடுத்தாள். காலிச் சட்டியைப் பிடிப்பதுபோல அவர் ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கனம் இருக்கும் என்று நினைத்த கை மேலே போய்விட்டது. "எப்படியாவது செய்யி," என்றார். "என்னைக் கூப்பிடாத."

ஆனால் அப்படியே கூப்பிட்டுவிட முடியாது என்று முத்திருளாயிக்குத் தெரிந்திருந்தது. பூச்சாண்டி காட்டிச் சோறு ஊட்டுகிற வயதுவரை அந்தப் பிள்ளைகள் இருக்கவில்லை. இடி கேட்டு அலறியதில்லை, நாய் குரைத்து ஓடியதில்லை. பயம் என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது. ஓநாய் என்றால் அதுவும் விளையாட வந்த ஏதோ ஒன்று என்றுதான் நினைப்பார்கள். அவர்களுக்குச் சோற்றை மெல்லச் சொல்லிக்கொடுத்தவள், உப்பின் ருசி காட்டிக்கொடுத்தவள், பயத்தையும் அவள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதனால் மத்தியானங்களில் மெஸ் ஓய்ந்தபின் இரண்டு பேரையும் இரண்டு முழங்காலிலும் சாய்த்துக்கொண்டு ஓநாயைப் பற்றிச் சொன்னாள். அதற்குக் கண் மஞ்சள். அது சத்தமில்லாமல் வரும். ஆட்டுக்கிடைக்குள் படுத்திருக்கிற குட்டியைக் கழுத்தில் பிடிக்கும், குட்டி கத்தக்கூட நேரமிருக்காது. முதலில் அவர்கள் சிரித்தார்கள். "அதுக்குச் சோறு போட்டா?" என்று நடுவுள்ளவன் கேட்டான். "சோறு திங்காது. புள்ளையத்தான் திங்கும்" என்றாள், சொல்லும்போதே அவன் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள், சொல்கிற வாய் வேறு, கோதுகிற கை வேறு என்று ஆகிவிட்டிருந்தது. பல்லைச் சொன்னாள், நகத்தைச் சொன்னாள், தன் ஊரில் ஆட்டுக்கிடையில் விடிந்ததும் பார்த்த ரத்தத்தைச் சொன்னாள். நாளாக ஆகச் சிரிப்பு குறைந்தது. நடுவுள்ளவன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கத் தொடங்கினான். பெரியவனுக்கு மட்டும் அது ஒட்டவில்லை. ஒரு நாள் யோசித்துவிட்டுக் கேட்டான்.

"அது அம்மாவையும் கடிக்குமா?"

அவள் கை நின்றது.

"கடிக்கும்" என்றாள்.

அன்றைக்குத்தான் பெரியவனுக்குப் பயம் வந்தது. அதை அவள் பார்த்தாள். வெந்நீர்ப் பானையில் முதல் குமிழி எழுவதுபோல அவன் கண்களுக்குள் அது எழுந்தது.

மறுநாள் காலை, படுத்திருந்த சின்னவன் காதில் அவளே வாயை வைத்து, கெலா, கெலா, கெலா என்று ஊதினாள். மாமியார் இல்லை, கைபேசி இல்லை. "மத்தியானம் அம்மா இந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். என்னம்மான்னு சொல்லணும், என்ன?" அவன் கூச்சத்தில் காதைத் தோளோடு தேய்த்துக்கொண்டு சரி என்றான். மெஸ்ஸில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. தமிழினி மற்றவர்களைக் கூட்டிவைத்து, இனி பழைய பேர் யார் வாயிலும் வரக் கூடாது என்று சொன்னாள்.

மத்தியானம் மேசை நிறைந்திருந்தது. மாணவர்கள் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார்கள். பால்பாண்டி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய அரிசியை மறுபடியும் கழுவினார். மூன்று தட்டுகளில் சோறு போட்டு, மூன்றிலும் நெய் விட்டு, முத்திருளாயி பிள்ளைகளைத் தரையில் சுற்றி உட்காரவைத்தாள். சின்னவனை மட்டும் தனக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். பெரியவனுக்கு ஒரு வாய் ஊட்டினாள். நடுவுள்ளவனுக்கு ஒரு வாய் ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். அதற்குமேல் தள்ளிப்போட ஒன்றும் இல்லை.

"கெலா," என்றாள்.

"என்னம்மா," என்றது பின்னாலிருந்து.

முதல்முறையாக ஒரே ஒரு குரல். மேசையில் யாரோ கரண்டியைக் கீழே வைத்தார்கள். நடுவுள்ளவன் வாயிலிருந்த சோறு தரையில் விழுந்தது. அவர்கள் இரண்டு பேரும் அவள் தோளுக்கு மேலே, சுவரில் சாய்ந்திருந்த தம்பியைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது தம்பியாக இருக்கவில்லை. அவர்கள் கண்ணில் அவள் சொல்லிக்கொடுத்த அத்தனையும் இருந்தது, மஞ்சளும் பல்லும் ரத்தமும். நடுவுள்ளவன் அழாமல் நடுங்கினான். அழவும் அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பெரியவன் ஓடவில்லை. நடுவுள்ளவனைத் தனக்குப் பின்னால் தள்ளிவிட்டு, குனிந்து, இரண்டு கையாலும் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா, எந்திரி," என்றான். குரல் உள்ளே போயிருந்தது. "ஒனக்குப் பின்னாடி நிக்குது. திரும்பாத. எந்திரிம்மா, நாம ஓடிரலாம்."

இதை அவள் நினைத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் நினைத்திருந்தாள், இதை நினைக்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று உடம்பெல்லாம் எழுந்தது, அந்தப் பேர் நாக்கின் நுனிவரை வந்து நின்றது, அதை விழுங்கினாள்.

"நீங்க ரெண்டு பேரும் முன்னால ஓடுங்க," என்றாள். "அம்மா பின்னாலயே வாரேன்."

"வருவியா?"

"வருவேன்யா."

அது பொய்யில்லை. எப்போது என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அவன் முந்தானையை விட்டான். தம்பியின் கையைப் பிடித்தான். இரண்டு பேரும் முற்றத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற தமுனாவைத் தாண்டி, மேட்டை நோக்கி ஓடினார்கள். ரொட்டிக் கடைக்கு அருகே பெரியவன் ஒரு தடவை நின்று, அம்மா வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தான் என்று தமுனா பிற்பாடு சொன்னாள். முத்திருளாயி பார்க்கவில்லை. அவள் முகத்தை வாசலுக்குத் திருப்பவே இல்லை.

அடுப்படியில் அரிசி கழுவுகிற சத்தம் நின்றது. சுவரோரத்திலிருந்து சின்னவன் கேட்டான்.

"அம்மா, அண்ணங்க ஏன் ஓடுறாங்க?"

அவள் தரையில் விழுந்த சோற்றைப் பொறுக்கினாள்.

"என்னைப் பாத்தா ஓடுறாங்க?" அவன் உதடு பிதுங்கியது. "நான் ஓநாயாம்மா?"

முத்திருளாயி திரும்பினாள். மற்ற இரண்டு தட்டுகளில் இருந்த சோற்றையும் அவன் தட்டில் கொட்டினாள். பிசைந்து, பெரிய உருண்டையாகப் பிடித்து, அவன் வாய்க்கு நேரே கொண்டுபோனாள்.

"ஆமாய்யா," என்றாள். "நீ ஓநாய்தான். சாப்பிடு."

அவன் அழுதுகொண்டே வாயைத் திறந்தான், அழுதுகொண்டே மென்றான், மென்றதை விழுங்கினான், விழுங்கியது அவனுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது, பிறகு இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தான்.